எட்மன்டனில் கூடிய கூட்டம்

2002 செப்டம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத் தலைநகரான எட்மன்டனில், காமன்வெல்த் ஸ்டேடியத்துக்கு அன்று 47,784 பேர் வந்திருந்தார்கள். ஆடியவர்கள் கனடா, அமெரிக்கா ஆகிய இரு நாடுகளின் 19 வயதுக்குட்பட்ட பெண்கள். பள்ளியின் கடைசி வகுப்பிலோ கல்லூரியின் முதல் வகுப்பிலோ இருக்கவேண்டிய வயது. 90 நிமிடங்களில் கோல் விழவில்லை. கூடுதல் நேரத்தில், 109ஆம் நிமிடத்தில், அமெரிக்காவின் லின்ட்சி டார்ப்லி பந்தை வலைக்குள் அனுப்பினார். முதல் கோல் விழுந்ததுமே ஆட்டம் முடிந்துவிடும் ‘கோல்டன் கோல்’ விதி அப்போது நடப்பில் இருந்தது; பதில் சொல்லக் கனடாவுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. ஃபிஃபா நடத்திய முதல் இளையோர் மகளிர் உலகப் போட்டி அப்படி முடிந்தது. ‘உலகக் கோப்பை’ என்ற பெயரைக்கூட அதற்கு அப்போது கொடுக்கவில்லை. ‘உலக சாம்பியன்ஷிப்’ என்றுதான் அழைத்தார்கள். கோப்பை என்ற சொல் 2008இல்தான் ஒட்டியது.

விளையாட்டு வரலாற்றில் இந்த ஆட்டத்துக்குக் கிடைத்திருக்கும் இடம் சிறியது. கனடாவின் கிறிஸ்டின் சின்க்ளேர், பிரேசிலின் மார்த்தா ஆகிய இருவரை உலகத்துக்குக் காட்டிய போட்டி என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோவார்கள். ஆனால் மகளிர் கால்பந்து ஏன் இவ்வளவு மெதுவாக வளர்ந்தது என்ற கேள்விக்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் ஒரு பதிலைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல சான்று அமையாது. பார்க்க ஆள் வருவதில்லை, ஆகவே பணமில்லை, ஆகவே வளர்ச்சியில்லை என்பது அந்தப் பதில். கேட்கும்போது சந்தைக் கணக்குபோலத் தோன்றும். வரிசையைத் திருப்பிப் போட்டால்தான் நடந்தது புரியும். மைதானமும் தேதியும் ஒழுங்காகக் கொடுக்கப்பட்ட பல தருணங்களில் ஆட்கள் வந்திருக்கிறார்கள். வந்த கூட்டத்தைக் கண்ட பிறகும், ஆடிய பெண்களுக்கு அடுத்த ஆண்டு எங்கே ஆடுவது என்பதற்கு வழி செய்யப்படவில்லை.

இதற்கு முதல் சாட்சி எட்மன்டனுக்கு 82 ஆண்டுகள் முந்தையது. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் டிக் கெர் லேடீஸ் அணி செயின்ட் ஹெலன்ஸ் அணியுடன் ஆடியது. டிக் கெர் என்பது பிரெஸ்டன் நகரத்துத் தொழிற்சாலை; முதல் உலகப் போரின்போது ஆண்கள் படைக்குப் போனதால் வேலைக்கு வந்த பெண்கள் உணவு இடைவேளையில் ஆடத் தொடங்கி உருவாக்கிய அணி அது. அன்றைய ஆட்டத்துக்கு 53,000 பேர் வந்தார்கள். இடமில்லாமல் பல ஆயிரம் பேர் வாசலிலேயே திரும்பினார்கள். போரிலிருந்து திரும்பி வேலையற்றிருந்த வீரர்களுக்கான நிதிக்காகத்தான் அந்த ஆட்டம் நடந்தது. ஓர் ஆண்டு முடிவதற்குள், 1921 டிசம்பர் 5 அன்று, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்பினர் கிளப்புகளின் மைதானங்களைப் பெண்களுக்குத் தரக்கூடாது என்று தீர்மானம் போட்டது. பெண் உடலுக்கு இந்த ஆட்டம் ஏற்றதல்ல என்பது ஒரு காரணம். வசூலில் பெரும்பகுதி தருமத்துக்குப் போகாமல் செலவாகிறது என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது காரணத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும்: வசூல் பற்றிக் குறை சொல்லவேண்டுமானால் முதலில் வசூல் இருந்திருக்கவேண்டும். ஆள் வராத ஆட்டத்துக்கு யாரும் தடை போடுவதில்லை. அந்தத் தடை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நின்றது. அதற்குள் இரண்டு தலைமுறைகள் வளர்ந்துவிட்டன. பெண்கள் ஆட்டம் என்றால் பூங்காவின் ஓரத்தில் பத்துப் பேர் பார்க்க நடப்பது என்ற எண்ணம் இயல்பாகிவிட்டது.

மற்ற நாடுகளில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். பிரேசிலில் 1941இல் அரசாணையாகவே வந்த தடை 1979 வரை நீடித்தது. மேற்கு ஜெர்மனியின் கால்பந்துச் சங்கம் 1955இல் கதவை மூடி 1970இல் திறந்தது. அடுத்த ஆண்டே, ஃபிஃபாவின் அங்கீகாரம் எதுவுமில்லாமல், மெக்சிகோவில் ஒரு மகளிர் உலகப் போட்டி நடந்தது. ஆஸ்டெக்கா மைதானத்தில் டென்மார்க்கும் மெக்சிகோவும் ஆடிய இறுதிப் போட்டியைப் பார்க்க வந்தவர்கள் சுமார் 1,10,000 பேர். டென்மார்க் 3-0 என வென்றது. அதே மெக்சிகோ நகரில் 15 ஆண்டுகள் கழித்துக் கூடிய ஃபிஃபா மாநாட்டில்தான் நார்வேயின் எல்லன் வில்லே மேடையேறி, பெண்களுக்கு ஓர் உலகக் கோப்பை வேண்டும் என்று கேட்டார். 1991இல் சீனாவில் அது நடந்தபோது ஆட்டங்கள் 80 நிமிடங்களாகக் குறைக்கப்பட்டன. முழு 90 நிமிடம் பெண்கள் தாங்குவார்களா என்ற சந்தேகம் அப்போதும் தீரவில்லை. ஆண் இளையோருக்கான உலகப் போட்டியை ஃபிஃபா 1977இலேயே துனீசியாவில் தொடங்கியிருந்தது. பெண் இளையோர் காத்திருந்தது அதற்குப் பிறகு 25 ஆண்டுகள்.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. ‘இளையோர்’ என்று தனியே பிரித்துப் பேர் வைத்தது 2002இல்தான் என்றாலும், மகளிர் கால்பந்து தொடக்கத்திலிருந்தே பெருமளவு சிறுமிகளின் ஆட்டமாகத்தான் இருந்தது. 1920இல் டிக் கெர் அணியில் சேர்ந்த இடதுகால் ஆட்டக்காரர் லில்லி பாருக்கு அந்த ஆண்டு வயது 15. ஆஸ்டெக்காவில் டென்மார்க்கின் மூன்று கோல்களையும் அடித்த சுசான் அகஸ்டெசனுக்கும் 15. எட்மன்டனில் கனடாவுக்கு ஆடிய காரா லாங்குக்கும் 15தான். அவரோ அதே ஆண்டு தொடக்கத்தில் நாட்டின் மூத்தோர் அணிக்கே ஆடிவிட்டிருந்தார். மூன்று காலம், மூன்று நாடு, ஒரே வயது. தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் சம்பளமில்லாத ஒரு தொழிலில் யார் மிஞ்சுவார்கள் என்று யோசித்தால் அப்படி விட மனம் வராது. வீட்டுப் பொறுப்பு வராத, வயிற்றுப்பாட்டுக்கு உழைக்கவேண்டாத வயதில்தான் முழு மனத்தோடு ஆடமுடியும். இருபதுகளில் திருமணம், வேலை, குழந்தை என்று ஒவ்வொன்றாக வந்து ஆளைக் களத்திலிருந்து இறக்கும். லில்லி பார் இதற்கு விலக்கு. அவர் 1950களின் தொடக்கம்வரை ஆடினார். ஆனால் எப்படி ஆடினார் என்பதையும் பார்க்கவேண்டும்: தொழிற்சாலையை விட்ட பிறகு பிரெஸ்டன் அருகிலிருந்த மனநல மருத்துவமனையில் செவிலியர் வேலை அவருக்கு இருந்தது. சோறு போட ஒரு வேலையும் அதோடு சேர்ந்து ஆட ஓர் அணியும் கிடைத்த இடத்தில் ஒரு பெண் நாற்பது வயதைத் தாண்டியும் ஆடியிருக்கிறார்.

எட்மன்டன் கூட்டத்துக்குத் திரும்புவோம். அது ஒரே நாளில் முளைத்ததில்லை. 12 அணிகள் எட்மன்டன், வான்கூவர், விக்டோரியா ஆகிய மூன்று நகரங்களில் ஆடின; 26 ஆட்டங்கள். காலிறுதியில் இங்கிலாந்தைக் கனடா 6-2 எனத் தோற்கடித்தபோது அதில் ஐந்து கோல்களைச் சின்க்ளேர் ஒருவரே அடித்தார். போட்டி முழுவதிலும் அவர் அடித்தவை 10. அரையிறுதியில் பிரேசிலுடன் 1-1 எனச் சமன் ஆகி, பெனால்டியில் கனடா தப்பியது. அந்தப் பிரேசில் அணியில்தான் 16 வயது மார்த்தா இருந்தார். காலிறுதியிலிருந்து கூட்டம் ஏறிக்கொண்டே போனது. காலிறுதிக்கு வந்தவர்களைவிட அரையிறுதிக்கு வந்தவர்கள் அதிகம், இறுதிக்கு அதைவிட. விளம்பரம் இழுத்த கூட்டம் முதல் நாளே நிரம்பி வழியும், பிறகு வடியும். ஆட்டத்தைப் பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சேர்ந்த கூட்டம் இப்படித்தான் ஏறும்.

இதற்கு மறுப்புச் சொல்பவர்களிடம் சரக்கு இல்லாமலில்லை. ஆடியது சொந்த நாட்டு அணி; கனடா முதல் சுற்றில் வெளியேறியிருந்தால் இறுதிக்கு யார் வந்திருப்பார்? மறுநாள் திங்கட்கிழமை தொழிலாளர் தின விடுமுறை. எட்மன்டனோ விழா நடத்தியே பழகிய ஊர்: 1978 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டிய அந்த ஸ்டேடியத்தில் 2001இல்தான் உலகத் தடகளப் போட்டி நடந்திருந்தது, தன்னார்வலர்களுக்குப் பஞ்சமில்லை. இவை எல்லாமே உண்மை. ஆனால் இந்தக் காரணங்களை ஆண்கள் போட்டிக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். விடுமுறை நாளில் சொந்த நாட்டு ஆண்கள் அணி இறுதிப் போட்டி ஆடி மைதானம் நிரம்பினால் அதைக் கால்பந்தின் செல்வாக்கு என்போம். பெண்கள் ஆடி நிரம்பினால் விடுமுறையின் செல்வாக்கு என்போம். இன்னொரு வகையில், சொந்த அணி இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்றும் பார்க்கலாம். 2014இல் 17 வயதுக்குட்பட்டோருக்கான போட்டியைக் கோஸ்டா ரிகா நடத்தியது. அந்நாட்டு அணி மூன்று ஆட்டங்களிலும் தோற்று முதல் சுற்றோடு வெளியேறியது. ஆயினும் ஜப்பானும் ஸ்பெயினும் ஆடிய இறுதிப் போட்டிக்குச் சான் ஹோசேயில் மக்கள் திரளாக வந்தார்கள். எல்லா நாட்டிலும் இப்படி நடந்தது என்று சொல்லவரவில்லை. இளையோர் போட்டிகளில் காலி இருக்கைகளும் ஏராளம். கூட்டம் எப்போதும் வரும் என்பது இங்கே வாதமில்லை. வராது என்பதை இயற்கை விதிபோலச் சொல்வதற்கு அடிப்படையில்லை என்பதுதான்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. அமெரிக்காவில் பெண்களுக்கான தொழில்முறை லீக் 2001இல் தொடங்கி, மூன்றே பருவங்களில், 2003 செப்டம்பரில், உலகக் கோப்பை தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்னால் மூடப்பட்டது. முதலீட்டாளர்கள் இழந்தது சுமார் 10 கோடி டாலர். 1999 உலகக் கோப்பை இறுதிக்கு 90,185 பேர் வந்த நாட்டிலேயே லீக் நிற்கவில்லை என்றால், திருவிழாவுக்கு வருபவர்கள் வாராவாரம் வரமாட்டார்கள் என்பதுதானே பொருள் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. திருவிழாக் கூட்டமும் தினசரிக் கூட்டமும் ஒன்றில்லை. தேருக்கு வருகிறவர்கள் எல்லோரும் அர்த்தசாம பூசைக்கு வருவதில்லை. ஆனால் அதே நாட்டின் ஆண்கள் லீக்கை அருகில் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். 1996இல் தொடங்கிய அந்த லீக் முதல் ஐந்து ஆண்டுகளில் இழந்ததாகக் கணக்கிடப்படுவது 25 கோடி டாலர். 2002 தொடக்கத்தில் இரண்டு அணிகளைக் கலைத்தார்கள். இழுத்து மூடிவிடலாம் என்ற பேச்சும் வந்தது. சில பெரும் செல்வர்கள் நட்டத்தைத் தாங்கிக்கொண்டு, பல அணிகளை ஒரே கையில் வைத்துக்கொண்டு, காத்திருந்தார்கள். பெண்கள் லீக் செலவைக் கட்டுப்படுத்தாமல் தடுமாறியது உண்மை. முதல் ஆண்டிலேயே பல ஆண்டுகளுக்கான பணம் கரைந்தது. ஆனால் நட்டம் ஒரு லீக்கைக் கொன்றது, அதைவிடப் பெரிய நட்டம் இன்னொரு லீக்கைக் கொல்லவில்லை. இடையில் இருந்த வேறுபாடு காத்திருக்க ஆள் இருந்ததா என்பதுதான். கூட்டத்தின் அளவை வைத்து மட்டும் இதை விளக்கமுடியாது.

எட்மன்டனில் ஆடியவர்கள் பிறகு எங்கே போனார்கள் என்று பார்த்தால் வாதம் தெளிவாகும். அமெரிக்கப் பெண்களுக்குப் பல்கலைக்கழகங்கள் இருந்தன. கல்வி நிறுவனங்களில் பாலின வேற்றுமையைத் தடைசெய்த 1972ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே பெண்களுக்கான அணிகளையும் உதவித்தொகையையும் பெருக்கியிருந்தது. சின்க்ளேரும் எல்லை தாண்டி அமெரிக்காவின் போர்ட்லண்ட் பல்கலைக்கழகத்தில்தான் படித்து ஆடினார். பின்னாளில் தொழில்முறையாக ஆடியதும் அமெரிக்கக் கிளப்புகளில்தான். மார்த்தா முதலில் ஆடிய வாஸ்கோ ட காமா கிளப் தன் மகளிர் அணியைக் கைவிட்டது. 2004இல் அவர் ஸ்வீடனின் வடபகுதியிலுள்ள உமேயோ நகரத்துக்குப் போனார். கால்பந்தை மதம்போலக் கொண்டாடும் நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரிக்குப் பிழைப்பு பனிக்காட்டில்தான் கிடைத்தது. காரா லாங் முழங்கால் காயங்களால் 24 வயதில் ஆட்டத்தை விட்டார். ஆக, 47,784 பேரைக் கூட்டிய கனடா அந்தப் பெண்கள் பெரியவர்களானதும் ஆட ஒரு தொழில்முறை லீக்கைக்கூட வைத்திருக்கவில்லை. பக்கத்து நாட்டில் பல்கலைக்கழகம் இருக்கிறதே என்பது ஒரு சமாதானம். பல்கலைக்கழகம் 22 வயதில் முடிந்துவிடும்.

தொழில்முறை லீக் இல்லாமலே வெல்லலாமே என்பதற்கு வடகொரியாவைக் காட்டுவார்கள். 20 வயதுக்குட்பட்டோர் பட்டத்தை 2006, 2016, 2024 ஆகிய ஆண்டுகளிலும், 17 வயதுக்குட்பட்டோர் பட்டத்தை 2008, 2016, 2024, 2025 ஆகிய ஆண்டுகளிலும் அந்த நாடு வென்றிருக்கிறது. டிக்கெட் வருமானம், விளம்பரதாரர் என்பதெல்லாம் அங்கே பேச்சிலேயே இல்லை. சிறு வயதிலேயே தேர்ந்தெடுத்து, 2013இல் பியோங்யாங்கில் திறந்த கால்பந்துப் பள்ளி போன்ற இடங்களில் தங்கவைத்துப் பயிற்றுவிக்கும் அரசு ஏற்பாடுதான் எல்லாம். இது என் வாதத்தை வெட்டுவதாகத் தெரியவில்லை. கூட்டம் முதலில் வரவேண்டும், அமைப்பு பிறகு வரும் என்ற வரிசை தவறு என்பதற்கு வடகொரியாவைவிட அழுத்தமான சான்று வேறென்ன? அதே சமயம், அந்த நாட்டின் மூத்தோர் அணி உலகக் கோப்பையில் காலிறுதியைத் தாண்டியதில்லை. 2011இல் ஊக்கமருந்து விவகாரம், அதனால் 2015இல் தடை, பிறகு கொரோனாக் காலத்தில் ஒதுங்கியிருந்தது என்று அதற்குத் தனிக் காரணங்கள் உண்டு; முழுப் பழியையும் தொழில்முறை லீக் இல்லாமையின் மேல் போடுவது நேர்மையாகாது. ஸ்பெயினை எதிர்ப்பக்கம் வைக்கலாம். 2014 இளையோர் இறுதியில் ஜப்பானிடம் தோற்ற ஸ்பெயின் அணியில் இருந்தவர் ஐதானா பொன்மதி. மறு ஆண்டு அவருடைய பார்சிலோனா கிளப் தன் மகளிர் அணியைத் தொழில்முறை அணியாக்கியது. 2022இல் 17, 20 என இரு இளையோர் பட்டங்களும், 2023இல் மூத்தோர் பட்டமும் ஸ்பெயினுக்குப் போயின. பொன்மதி அந்த ஆண்டிலிருந்து தொடர்ந்து மூன்று முறை பலோன் டோர் விருது பெற்றார். பதினாறு வயதில் தோற்ற பெண்ணை இருபது வயதில் ஏந்திக்கொள்ள ஓர் இடம் இருந்தது.

இளையோர் உலகப் போட்டி இந்தியாவுக்கும் வந்தது. 2022 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பை புவனேஸ்வர், மட்கான், நவி மும்பை ஆகிய இடங்களில் நடந்தது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் மீது ஃபிஃபா ஆகஸ்டில் விதித்த இடைநீக்கம் பதினோரு நாட்களில் விலக்கப்பட்டிராவிட்டால் அதுவும் நடந்திருக்காது. இந்திய அணி அமெரிக்காவிடம் 8-0, மொராக்கோவிடம் 3-0, பிரேசிலிடம் 5-0 எனத் தோற்றது. அந்தச் சிறுமிகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாட்டின் மகளிர் லீக் தொடங்கியதே 2017இல். முதல் பருவத்தின் இறுதிச் சுற்று டெல்லியில் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிட்டது. மதுரையின் சேது எஃப்சி சாம்பியனான 2019இலும் எல்லா அணிகளும் லூதியானா என்ற ஒரே ஊரில் கூடித்தான் ஆடின. சொந்த ஊரில் ஒரு முறை, எதிரணியின் ஊரில் ஒரு முறை என்ற முறை 2023-24இல்தான் வந்தது. அதாவது, மதுரைக்காரர்கள் தங்கள் அணி கோப்பை வென்ற பருவத்தில் அதை மதுரையில் பார்க்க வாய்ப்பே இல்லை. அதே மதுரையைக் காட்டி, மகளிர் ஆட்டத்துக்கு ஆள் வருவதில்லை என்று ஒருவர் புள்ளிவிவரம் எடுத்தால் அதைப் பொய்யென்று சொல்லமுடியாது.

கனடா ஒரு லீக்கை உருவாக்க 23 ஆண்டுகள் ஆயின. இடையே சின்க்ளேர் 190 சர்வதேசக் கோல்கள் அடித்தார். ஆணோ பெண்ணோ, நாட்டுக்காக அவ்வளவு அடித்தவர் வேறு யாருமில்லை. 2021இல் டோக்கியோவில் கனடா ஒலிம்பிக் தங்கம் வென்றது. 2023 டிசம்பர் 5 அன்று, இங்கிலாந்துச் சங்கம் தடை போட்ட அதே தேதியில், வான்கூவரில் அவர் கடைசி சர்வதேச ஆட்டம் ஆடினார். வந்தவர்கள் 48,112 பேர். 21 ஆண்டுகளுக்கு முன் எட்மன்டனில் கூடிய கூட்டத்தைவிட முந்நூற்றுச் சொச்சம் அதிகம். அவரோடு கனடாவுக்கு ஆடிய டயானா மாதிசன் முன்னின்று உழைத்து, 2025 ஏப்ரலில் நார்தர்ன் சூப்பர் லீக் தொடங்கியது. ஆறு அணிகள்: வான்கூவர், கால்கரி, டொரன்டோ, ஒட்டாவா, மான்ட்ரியால், ஹாலிஃபாக்ஸ். எட்மன்டன் அந்தப் பட்டியலில் இல்லை.